பட்டியலில் இல்லாத வெள்ளி

1948 லண்டன் ஒலிம்பிக் என்றால் எங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் ஞாபகத்துக்கு வரும்: டங்கன் வைட். 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி. இலங்கை சுதந்திரமடைந்து ஆறு மாதம்கூட முடியவில்லை, நாடு கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. பொது அறிவுப் போட்டிக்குப் போன எல்லாரும் இந்த விடையைப் பாடமாக்கியிருப்போம். அடுத்த பதக்கத்துக்கு 2000 ஆம் ஆண்டு சுசந்திகா ஜயசிங்க ஓடும்வரை 52 வருடம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே லண்டனில், அதே ஒலிம்பிக்கில், தென்னாசியாவில் பிறந்த இன்னொருவரும் வெள்ளி வாங்கினார். பெயர் சிந்தாமணி கார். வங்காளி, காரக்பூரில் பிறந்தவர். அவர் ஓடவில்லை, பாயவில்லை. சிலை செய்தார்.

ஒலிம்பிக்கில் சிலைக்குப் பதக்கமா எண்டு நீங்கள் கேட்பீங்கள். நாங்களும் முதலில் அப்பிடித்தான் கேட்டோம். 1912 இலிருந்து 1948 வரை நடந்த ஏழு ஒலிம்பிக்குகளில் கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் என்று ஐந்து கலைகளுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் கொடுத்தார்கள். நிபந்தனை இரண்டுதான்: படைப்பு புதிதாக இருக்கவேண்டும், விளையாட்டைப் பற்றியதாக இருக்கவேண்டும். எங்கட பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளில் இல்ல அலங்காரத்துக்கும் புள்ளி போடுவினமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இன்றைக்கு அந்தப் பதக்கங்கள் எந்த நாட்டின் கணக்கிலும் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழுவின் பதக்கப் பட்டியலில் டங்கன் வைட் இருக்கிறார், சிந்தாமணி கார் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. சுருக்கமான பதில்: சிற்பிகள் காசு வாங்கினவை. அந்தப் பதிலில் எங்களுக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் கதையைப் பார்ப்போம். நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பிரெஞ்சுப் பிரபு பியர் டி குபேர்த்தனுக்கு உடலும் கலையும் ஒன்றாகப் போட்டியிட வேண்டும் என்று பெரிய ஆசை. 1906 இல் பரிஸில் ஒரு மாநாடு கூட்டி இதை முன்வைத்தார், 1912 ஸ்டொக்ஹோமில் நடைமுறைக்கு வந்தது. அந்த முதல் முறையே இலக்கியத்துக்கான தங்கத்தைக் குபேர்த்தனே வென்றார். சொந்தப் பெயரில் இல்லை, ஜோர்ஜ் ஹோரோட், எம். எஷ்பாக் என்று இரண்டு பேரின் பெயரை வைத்து அனுப்பிய கவிதைக்கு. (தான் நடத்திய போட்டியில் தானே வென்றது வேறு கதை. அதை விடுவோம்.)

சிற்பத்துக்கான முதல் தங்கம் வோல்ட்டர் வைனன்ஸ் என்ற அமெரிக்கருக்குப் போனது. இந்த மனிதரைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்கவேண்டும், பிறகு தேவைப்படுவார். வைனன்ஸின் குடும்பம் ரஷ்யாவில் ரயில் பாதை ஒப்பந்தங்களில் பெரும் பணம் சேர்த்த குடும்பம். அவர் பிறந்ததே சென் பீற்றர்ஸ்பேர்க்கில், வாழ்ந்தது இங்கிலாந்தில். துப்பாக்கி சுடுவதில் விண்ணன்: 1908 இல் சுடுதலில் தங்கம், 1912 இல் வெள்ளி. அதே 1912 இல்தான் ‘அமெரிக்கத் துள்ளோட்டக் குதிரை’ என்ற சிறிய வெண்கலச் சிலைக்குத் தங்கம். இருபது அங்குல அளவில் ஒரு குதிரை, பின்னால் சின்ன வண்டி. 1920 இல் குதிரைவண்டிப் பந்தயம் ஒன்றில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது. செதுக்கிய பொருளோடேயே போய்ச் சேர்ந்தார் என்று சொல்லலாம். வாழ்நாளில் ஒரு சிலையை விற்றுத்தான் அரிசி வாங்கவேண்டும் என்ற நிலை அவருக்கு வரவே இல்லை.

இந்த ஐந்து கலைகளில் சிற்பத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. இசை அந்த மண்டபத்தோடு முடிந்தது. 1924 பரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி, ராவேல் போன்றவர்கள் நடுவர்களாக இருந்தும் இசைக்கு ஒரு பதக்கம்கூடக் கொடுக்கவில்லை. கட்டடங்களில் பல வெறும் வரைபடம். ஆனால் ஒரு வெண்கலச் சிலையை மேசையில் வைக்கலாம், விற்கலாம், பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாம், ஏலத்தில் போடலாம். அதனால்தான் இந்தப் போட்டிகளைப் பற்றி மறந்துபோன உலகத்திலும், ‘ஒலிம்பிக் பதக்கம் வென்ற சிற்பியின் படைப்பு’ என்ற அடையோடு சின்னச் சின்ன ஓட்டக்காரரும் குத்துச்சண்டை வீரரும் சேகரிப்பாளர்களிடம் கைமாறிக்கொண்டிருக்கிறார்கள். பட்டியல் மறந்ததைச் சந்தை மறக்கவில்லை.

இந்தச் சேகரிப்புப் பொருட்களில் எங்களுக்கு மிகவும் பிடித்தவை ஜேர்மனியின் ரெனே சின்டெனிஸ் செய்தவை. 1928 அம்ஸ்டர்டாமில் ‘உதைபந்தாட்டக்காரன்’ என்ற சிலைக்கு வெண்கலப் பதக்கம் வென்ற பெண். அதே போட்டியில் தங்கம் வென்றவர் போல் லண்டோவ்ஸ்கி, ரியோ டி ஜெனீரோ மலையுச்சியில் கை விரித்து நிற்கும் இயேசு சிலையின் சிற்பி. உலகமே அண்ணாந்து பார்க்கும் சிலையைச் செய்தவர் முதலிடம், உள்ளங்கைக்குள் அடங்கும் கன்றுக்குட்டிகளையும் குதிரைக்குட்டிகளையும் செய்தவர் மூன்றாமிடம். எங்களைக் கேட்டால் மாற்றித்தான் போட்டிருப்போம். சின்டெனிஸின் ஆட்டக்காரர்கள் கம்பீரமாகப் போஸ் கொடுப்பதில்லை. விரலால் அழுத்தின களிமண்ணின் தடம் வெண்கலத்திலும் அப்படியே கிடக்கிறது. முகம் தெளிவில்லை, தசை கணக்காக இல்லை, ஆனால் அந்த உடல் அடுத்த நொடியில் எங்கே போகப்போகிறது என்பது விளங்கும். பின்லாந்தின் ஓட்டக்காரன் பாவோ நூர்மியையும் செய்திருக்கிறா, 1926 இல். பார்த்தால் கடிகாரம் ஓடுற சத்தம் கேட்கும் போல இருக்கும்.

சின்டெனிஸைத் தெரியாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: பேர்லின் திரைப்பட விழாவில் வெல்கிறவர்கள் கையில் தூக்கிப் பிடிக்கும் கரடி இருக்கிறதே, அது அவவின் கரடிதான். படம் பார்க்கிற நாங்கள் ஒவ்வொரு வருடமும் அவவின் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், பெயர் தெரியாமல்.

இந்தச் சிலைகள் எப்படி வீடுகளுக்குள் வந்தன என்பதையும் சொல்லவேண்டும். 1920களின் பேர்லினில் அல்பிரட் பிளெக்ட்ஹைம் என்றொரு கலை வணிகர் இருந்தார். குத்துச்சண்டைப் பைத்தியம். ஓவியக் கண்காட்சித் திறப்புக்குக் குத்துச்சண்டை வீரர்களைக் கூப்பிடுவார், அவர் தொடங்கிய சஞ்சிகையில் பிக்காசோவும் விளையாட்டு வீரரும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் வருவினம். சின்டெனிஸின் சிலைகளை அவர்தான் விற்றார். சின்டெனிஸுக்கும் அதில் வெட்கம் இருக்கவில்லை. களிமண்ணில் ஒன்றைச் செய்வா, பேர்லினின் நோவாக் வார்ப்புப் பட்டறை அதை வெண்கலத்தில் வார்க்கும், வார்த்த பிரதிகள் விலைக்குப் போகும். ஒரு பெண் தன் கையால் உழைத்துத் தன் வாடகையைத் தானே கட்டின கதை இது.

வெண்கலச் சிலை என்றால் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்று பலபேர் நினைப்பார்கள். அப்படியில்லை. மூல உருவிலிருந்து அச்சு எடுத்து, மெழுகிலோ மணலிலோ படி எடுத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். ஒரு அச்சிலிருந்து ஐந்தும் வரலாம், ஐம்பதும் வரலாம். அதனால்தான் சேகரிப்பவர்கள் சிலையின் முகத்தைப் பார்க்க முன்னம் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள். சிற்பியின் ஒப்பம் இருக்கா, பட்டறையின் முத்திரை இருக்கா, எத்தனையாவது பிரதி, சிற்பி உயிரோடு இருக்கும்போது வார்த்ததா, செத்தபிறகா. இன்னொரு நுணுக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்தது: வெண்கலம் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். மூல அச்சு கிடைக்காமல், விற்ற ஒரு சிலையிலிருந்தே களவாக அச்செடுத்து வார்த்தால் அந்தப் பிரதி மூலத்தைவிட ஒரு சொட்டுச் சின்னதாக வரும். கள்ளப் பிரதியை அளவுகோல் காட்டிக்கொடுத்துவிடும்.

அடிப்பாகம் சொல்லாத வரலாறும் இருக்கிறது. பிளெக்ட்ஹைம் யூதர். 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் நாட்டைவிட்டு ஓடினார், 1937 இல் லண்டனில் இறந்தார். அவரிடமிருந்த படைப்புகள் சிதறிப்போயின, அவற்றில் சிலவற்றைக் கேட்டு அவரின் வாரிசுகள் இன்னமும் நூதனசாலைகளோடு வழக்காடுகிறார்கள். சின்டெனிஸின் பாட்டி யூதர் என்பதைக் காரணம் காட்டி 1934 இல் பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து அவவை வெளியேற்றினார்கள். ஒலிம்பிக்கில் ஜேர்மனிக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்து ஆறு வருடம்தான். ஆகவே அந்தக் காலத்து ஜேர்மன் வெண்கலம் ஒன்று விற்பனைக்கு வந்தால், வடிவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்க முடியாது. 1933 தொடக்கம் 1945 வரை யாரின் வீட்டில் இருந்தது, என்னமாதிரிக் கைமாறியது எண்டு கேட்கத்தான் வேணும். ஊரைவிட்டு ஓடினவர்களின் வீட்டுச் சாமான்கள் எங்கே போய்ச் சேரும் என்பது எங்கட சனத்துக்கு விளக்கிச் சொல்லவேண்டிய விசயம் இல்லை.

சரி, காசுக் கதைக்கு வருவோம்.

1928 அம்ஸ்டர்டாமில் ஸ்டெடலைக் நூதனசாலையில் கலைக் கண்காட்சி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள். கண்காட்சி முடிந்ததும் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை விற்கலாம் என்று அனுமதித்தார்கள். அங்கேதான் சிக்கல் முளைத்தது. ஒலிம்பிக்கின் அடிப்படை விதி, பங்குபற்றுபவர் ‘அமெச்சூர்’ ஆக இருக்கவேண்டும். விளையாட்டால் ஒரு சதமும் உழைத்திருக்கக் கூடாது. அப்படியென்றால் சிலை விற்றுச் சாப்பிடுகிற சிற்பி எப்படிப் போட்டியிடலாம்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த அமெச்சூர் விதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஹென்லி படகோட்டப் போட்டி வகுத்த விதிப்படி, கூலிக்கு வேலை செய்கிற தொழிலாளியும் இயந்திரத் தொழிலாளியும் கைவினைஞரும் அமெச்சூர் இல்லை. படகோட்டிக் காசு வாங்கினார்களா என்பதே கேள்வியில்லை. கையால் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான், வெளியே போ. கனவான்கள் கனவான்களோடு மட்டும் ஓட்டவேண்டும் என்பதுதான் விசயம். பிறகு அதற்கு ‘விளையாட்டின் தூய்மை’ என்று பெயர் சூட்டினார்கள். பிறப்பையும் தொழிலையும் வைத்து ஆட்களைத் தள்ளி வைத்துவிட்டு அதற்குத் தூய்மை என்று பெயர் வைக்கிற வித்தை எங்கட ஊரிலும் புதிதில்லை.

1948 லண்டனிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறது. குதிரையைத் தாளத்துக்கு நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் சுவீடன் அணி தங்கம் வென்றது. அடுத்த வருடம் அந்தத் தங்கத்தைப் பறித்தார்கள். காரணம், அணியில் இருந்த கெனல் பெர்சன் உண்மையில் அதிகாரி தரத்தில் இல்லாதவர், போட்டிக்காக மட்டும் லெப்டினன்டாக உயர்த்தி, முடிந்ததும் பழைய தரத்துக்கே இறக்கியிருந்தார்கள். விதிப்படி இராணுவ அதிகாரி குதிரை ஓட்டினால் அமெச்சூர், சார்ஜன்ட் ஓட்டினால் தொழில்காரன். குதிரைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்குமா தெரியவில்லை. விதியை மாற்றிய பிறகு அதே பெர்சன் 1952 இலும் 1956 இலும் அணியோடு தங்கம் வென்றார்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிற்பப் பட்டியலைத் திரும்பப் பார்த்தால் வைனன்ஸ் ஏன் முக்கியம் என்று விளங்கும். அமெச்சூர் விதிக்கு முழுக்கப் பொருந்துகிற சிற்பி அவர்தான். விற்கத் தேவையில்லாதவர். சின்டெனிஸுக்கு விற்கத் தேவை இருந்தது.

கலைப் போட்டியை மூடிய கதையில் முன்னுக்கு நின்றவர் ஏவரி பிரண்டேஜ். அமெரிக்கர், சிக்காகோவில் கட்டட ஒப்பந்தங்களில் பணக்காரரானவர். 1912 இல் ஸ்டொக்ஹோமில் தானே போட்டியிட்டவர், அதே போட்டிகளில் ஜிம் தோர்ப்புக்கு வெகு பின்னால் முடித்தவர். தோர்ப் அமெரிக்கப் பூர்வகுடி இளைஞன், ஐந்நிகழ்விலும் பத்துநிகழ்விலும் தங்கம். அதற்கு முன்னம் எப்போதோ சின்னச் சம்பளத்துக்கு பேஸ்போல் விளையாடியதைக் கண்டுபிடித்து 1913 இல் அவரின் இரண்டு தங்கத்தையும் பறித்தார்கள். பிரண்டேஜ் பின்னாளில் இருபது வருடம் ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தபோதும் அதைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். 1932 லொஸ் ஏஞ்சல்ஸில் இலக்கியப் பிரிவுக்குப் பிரண்டேஜும் ஒரு படைப்பு அனுப்பினார். அமெச்சூர் விளையாட்டின் மகத்துவம் பற்றி. பதக்கம் கிடைக்கவில்லை, கௌரவக் குறிப்பு மட்டும் கிடைத்தது. கலைஞர்கள் பெரும்பாலும் தொழில்முறையாளர்கள், இது சரிவராது என்ற முறைப்பாடு 1949 ரோம் கூட்டத்தில் வந்தது. 1952 ஹெல்சிங்கியில் போட்டி நடக்கவில்லை, கண்காட்சி மட்டும். 1954 இல் இனிக் கண்காட்சிதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். தோற்ற கோபத்தில் மூடினார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்த மனிதர் காசு வாங்கிய விளையாட்டுக்காரரையும் இதே கண்ணால்தான் பார்த்தார், அந்த அளவில் நேர்மைதான்.

ஆனால் இந்தக் கதையின் அடுத்த பக்கம்தான் எங்களைத் தூங்கவிடாதது. பிரண்டேஜ் ஒரு பெரிய கலைச் சேகரிப்பாளர். 1936 வாக்கில் லண்டனில் சீனக் கலைக் கண்காட்சி ஒன்றைப் பார்த்துப் பித்துப் பிடித்து, வாழ்நாள் முழுக்க ஆசியக் கலைப் பொருட்களை வாங்கிக் குவித்தார். மூவாயிரம் வருடப் பழமையான காண்டாமிருக வடிவச் சீன வெண்கலப் பாத்திரம் ஒன்று அவரின் சேகரிப்பில் பேர்போனது. அந்தச் சேகரிப்பை அத்திவாரமாக வைத்துத்தான் சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை நூதனசாலை 1966 இல் திறந்தது. அவர் வாங்கிய இரண்டு கோயில் நிலைக்கற்கள் சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டவை என்று 2021 இல் தாய்லாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

அதாவது, சிற்பத்தைக் காசு கொடுத்து வாங்குவது பண்பாடு. சிற்பி காசு வாங்குவது களங்கம். இந்தக் கணக்கு யாருக்கு வசதியானது?

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிறோம். எங்களில் இரண்டு பேர் வரைவினம், ஒரு ஆள் களிமண்ணில் உருவம் செய்யும். சுவரோவியம் வேண்டும், மேடைப் பின்னணி வேண்டும், நினைவுச் சின்னத்துக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களுக்குக் குறைவில்லை. காசைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முகம் மாறும். போன வருடம் ஒரு நிறுவனம் மூன்று நாள் வேலையை வாங்கிவிட்டு, ‘உங்களுக்கு நல்ல அனுபவம்தானே’ எண்டு சொல்லிப் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் தந்தது. கலையை நேசிக்கிறவன் காசு கேட்கமாட்டான் என்பது அவர்களின் நம்பிக்கை. பிரண்டேஜை அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அவரின் விதிதான் அங்கேயும் ஓடுகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது: இந்தப் போட்டிகளில் வந்த படைப்புகளில் கனக்க சாதாரணமானவை. உண்மை. அந்தக் காலத்தின் பெரிய பெயர்கள் பலர் எட்டியே பார்க்கவில்லை. விளையாட்டு மட்டும்தான் கருப்பொருள் என்று கட்டிப் போட்டால் நூறு தட்டெறிபவர், நூறு குத்துச்சண்டை வீரர்தான் வருவார்கள். 1924 இல் தங்கம் வென்ற கிரேக்கச் சிற்பி கொஸ்தாஸ் திமித்ரியாடிஸின் ‘பின்லாந்துத் தட்டெறிபவன்’ இப்போது ஒரு பிரதி ஏதென்ஸிலும் இன்னொன்று நியூயோர்க்கில் ஒரு விளையாட்டரங்கின் பக்கத்திலும் நிற்கிறது. நல்ல வேலைதான், ஆனால் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்கத் தட்டெறிபவனின் நிழலில் இருந்து வெளியே வரவே இல்லை. கனடாவின் டெய்ட் மக்கென்சி, 1932 இல் வெண்கலம் வென்றவர், தொழிலில் வைத்தியர். ஹார்வர்ட் மாணவர்களின் உடலளவுகளை எடுத்துச் சராசரி போட்டு ஒரு ‘மெய்வல்லுநர்’ சிலை செய்தார். அளவு எல்லாம் சரி, ஆனால் சராசரிக்கு வியர்க்காதே. அதே 1932 இல் தங்கம் வென்ற மஹொன்றி யங்கின் ‘வீழ்த்தல்’ சிலையில் வியர்வை இருக்கிறது. ஒருவன் விழுந்துகொண்டிருக்கிறான், அவ்வளவுதான், மகிமை ஒன்றும் இல்லை.

ஆனால் தரம் குறைவு என்பது கணக்கிலிருந்து தூக்குவதற்குக் காரணமா? பழைய ஒலிம்பிக்குகளில் கயிறிழுத்தலுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். அது இன்றும் பட்டியலில் இருக்கிறது.

இன்னும் கஷ்டமான எதிர்வாதம் ஆர்னோ பிரேக்கர். 1936 பேர்லினில் ‘பத்துநிகழ்வு வீரன்’ சிலைக்கு வெள்ளி வாங்கினவர், அதற்குப் பிறகு ஹிட்லரின் அபிமானச் சிற்பியாகி அரச கட்டடங்களுக்குப் பிரமாண்டமான நிர்வாண வீரர்களைச் செய்து தள்ளியவர். அந்தப் பத்துநிகழ்வு வீரன் பேர்லின் ஒலிம்பிக் வளாகத்தில் இன்றும் நிற்கிறான். பதக்கங்களைத் திருப்பிக் கணக்கில் எடுத்தால் அவரும் வருவாரே? வருவார்தான். வரட்டும். 1936 இன் ஓட்டக்காரர்களும் சுடுபவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், அவர்களில் நாசிகளும் இருந்தார்கள். பட்டியல் என்பது நடந்ததைச் சொல்வது, நன்னடத்தைச் சான்றிதழ் கொடுப்பதில்லை. ஆனால் பிரேக்கரின் வெண்கலம் ஒன்றை வாங்கி வரவேற்பறையில் வைப்பது வேறு விசயம். அதை வைக்கிறவரிடம் நாங்கள் கேள்வி கேட்போம். சின்டெனிஸை வெளியே தள்ளிய ஆட்சி தூக்கிப் பிடித்த உடல் அது. அந்த மார்பையும் அந்தத் தோளையும் பார்த்தால் இவன் ஓடிக் களைக்கப் போவதில்லை, யாரையோ மிதிக்கப் போகிறான் எண்டுதான் எங்களுக்குப் படுகுது.

பட்டியலைத் திருத்த முடியாது என்று சொல்லுவார்கள். இலங்கையருக்கு அந்தக் கதை சரிவராது. 2000 சிட்னியில் சுசந்திகா வெண்கலம் வென்றதாகத்தான் எழுதியிருந்தது. மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒத்துக்கொண்ட பிறகு, 2009 இல் அது வெள்ளியாக மாறியது. தோர்ப்பின் தங்கங்களை 1983 இல் குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள், 2022 இல் அவர்தான் தனி வெற்றியாளர் என்றும் அறிவித்தார்கள். 1912 ஐத் திருத்தலாம் என்றால் 1948 ஐயும் திருத்தலாம். பட்டியல் கல்லில் செதுக்கினது இல்லை.

அதோடு, தூக்கியதற்குச் சொன்ன காரணமே இப்போது இல்லை. 1992 பார்சிலோனாவில் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கிய அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்கள் தங்கம் வென்றார்கள். 2024 பரிஸில் மெய்வல்லுநர் போட்டிகளில் தங்கம் வென்ற ஒவ்வொருவருக்கும் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 50,000 டொலர் கொடுத்தது. ஓடினவருக்குக் காசு கொடுக்கலாம், சரிதான், கொடுக்கத்தான் வேணும். அப்படியென்றால் எழுபது வருடத்துக்கு முன் சிலை விற்றவரை இன்னமும் ஏன் வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீங்கள்?

சேகரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ‘ஒலிம்பிக்’ என்ற சொல்லால் ஒரு சிலையின் மதிப்பைக் கூட்டுகிறீர்கள் என்றால், சிற்பியின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பதக்கத்தையும் அதைக் கணக்கில் எடுக்க மறுத்த கதையையும் சேர்த்து எழுதுங்கள். யார் வார்த்தது, எந்தப் பட்டறை என்பதையும் எழுதுங்கள். நோவாக் பட்டறையில் சூட்டுக்குள் நின்றவர்களும் கைவினைஞர்கள்தான். ஹென்லி விதி வெளியே போ என்று சொன்ன ஆட்கள்.

சிந்தாமணி காருக்குத் திரும்புவோம். ஒடிசாவின் பரம்பரைச் சிற்பி ஒருவரிடம் பழகியவர், பிறகு பரிஸ் போய்ப் படித்தவர். விக்டோரியா அன்ட் அல்பேர்ட் நூதனசாலையில் வைத்த அவரின் சிலைக்குப் பெயர் ‘கலைமான்’. பனிச்சறுக்கலில் எடுக்கும் ஒரு நிலைக்கு அந்தப் பெயர். காரக்பூரில் பிறந்த ஒருவர் பனிச்சறுக்கலைச் செதுக்கியிருக்கிறார். போட்டியிட்டது பிரித்தானியாவின் பெயரில். அதே ஒலிம்பிக்கில்தான் சுதந்திர இந்தியா ஹொக்கி இறுதியாட்டத்தில் பிரித்தானியாவை 4-0 என்று வென்றது. காரின் வெள்ளியை இந்தியாவும் தன் கணக்கில் எழுதவில்லை, பிரித்தானியாவும் எழுதவில்லை. 1956 இல் கொல்கத்தா திரும்பி அரச கலைக் கல்லூரியின் அதிபரானார். ஒரு தலைமுறைக்குச் செதுக்கவும் செதுக்கிப் பிழைக்கவும் கற்றுக்கொடுத்தார். 2005 இல் காலமானார். அவர் வாழ்ந்த நரேந்திரபூரில் அவரின் சிற்பங்களுக்கு ஒரு நூதனசாலை இருக்கிறது, அங்கே பக்கத்திலுள்ள பறவைகள் சரணாலயத்துக்கும் அவரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.